ஐப்பசி விடுமுறை: காரைக்குடிப் பக்கமும் ஒரு மலைக்கிராமமும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

திருப்பூர் மருமகள் கேட்டது:

வணக்கம். தீபாவளிக்கு அடைத்தால் பனியன் கம்பெனிகள் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வருஷத்தில் எங்களுக்கு நிம்மதியாகக் கிடைக்கிற விடுப்பு அது ஒன்றுதான். வழக்கமாக ஊட்டிக்குக் கிளம்பி, பாதி நேரத்தைக் கல்லாறு செக்போஸ்ட்டில் கழிப்போம். இந்த முறை பழைய ஊர்களையும் ஆரவாரமில்லாத ஒரு மலைக்கிராமத்தையும் பார்க்கலாம் என்று ஆசை.

நானும் வீட்டுக்காரரும், எட்டாவது படிக்கிற பையன், அப்புறம் அத்தை. அத்தைக்கு முட்டி வலி, படி என்றாலே முகம் மாறிவிடும். சொந்தக் கார் இருக்கிறது. பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறி பூம்பாறையில் ஒரு ராத்திரி, மறுநாள் இறங்கிக் காரைக்குடி, அங்கே இரண்டு ராத்திரி, பிறகு ஊர் திரும்புவது. இதுதான் யோசனை.

சந்தேகங்கள்: ஐப்பசி மழையில் செட்டிநாடு போவது புத்திசாலித்தனமா? அந்தப் பெரிய வீடுகளுக்குள் உண்மையில் விடுவார்களா, இல்லை பூட்டிய கதவை போட்டோ எடுத்துவிட்டு வர வேண்டியதுதானா? வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் போய்விட்டு வந்து "சுவரைப் பார்த்துட்டு வந்தேன்" என்கிறார். பையனுக்கு அலுப்பாக இருக்குமோ என்ற பயமும் உண்டு. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

கொத்தமங்கலம் ஆச்சி எழுதியது:

மழையில் வராதீர்கள் என்று யாராவது எழுதுவதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். மழையில்தான் வர வேண்டும். சித்திரை வெயிலில் வருகிறவர்கள் எங்கள் வீடுகளில் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும். அதையும் சுற்றியிருக்கிற தாழ்வாரத்தையும் அறைகளையும் சேர்த்து வளவு என்போம். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் இறங்கும். மழை பிடித்துவிட்டால் நாலு பக்கமிருந்தும் தகரத் தூம்பு வழியாகத் தண்ணீர் கொட்டும். முதல் மழையைப் பிடிக்க மாட்டோம். ஓட்டில் இருக்கிற தூசி, சருகு, பறவை எச்சம் எல்லாம் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவோம். இரண்டாவது மழைக்குக் கிடாரமும் அண்டாவும் முற்றத்துக்கு வந்துவிடும். வெறும் பாத்திரத்தில் தண்ணீர் விழும்போது ஒரு சத்தம், பாதி நிறைந்ததும் வேறு சத்தம். உள்ளே அடுப்படியில் இருந்தபடியே எது நிறைந்தது என்று எங்கள் அப்பத்தா சொல்வார். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பை வேகப் போட்டால் மசிக்கவே வேண்டாம். மிஞ்சுகிற தண்ணீர் வீட்டுக்கு அடியில் போகிற வடிகாலில் தெருவுக்கு வரும், அங்கிருந்து ஊரணிக்குப் போகும். ஊரே அந்தச் சரிவு பார்த்துப் போட்டதுதான். ஆறு இல்லாத சீமையில் தண்ணீரை வேறு எப்படிச் சேர்ப்பது? இப்போது பல இடத்தில் வரத்துக் கால்வாயை மூடிக் கடை கட்டிவிட்டார்கள், அது வேறு புலம்பல்.

அடுத்தது பூட்டிய கதவு. உங்கள் வீட்டுக்காரரின் நண்பரிடம் சொல்லுங்கள், அவை கைவிட்ட வீடுகள் இல்லை. ஒரு வீடு பத்துப் பதினைந்து புள்ளிக்குப் பொதுவாக இருக்கும். புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பத்தின் கணக்கு. வளவைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கிறது), சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் அத்தனை பேரும் வந்து இறங்குவார்கள். மற்ற நாளில் காவலுக்கு ஓர் ஆள் இருப்பார். அவர் யாரைக் கேட்டு உங்களை உள்ளே விடுவார்? நூறு ரூபாயை நீட்டி "சும்மா ரெண்டு போட்டோண்ணே" என்று அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே சாமி அறை இருக்கும், பெட்டகசாலையில் வயதான ஆச்சி யாராவது படுத்திருப்பார்.

பார்க்க விடுகிற வீடுகள் தனியாக இருக்கின்றன. ஆத்தங்குடியில் பெரிய வீடு, சின்னக் கட்டணம்தான். அங்கே கீழே பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள், மேல் விதானத்து வேலைப்பாட்டை நின்று பாருங்கள். கானாடுகாத்தானிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிற வீடுகள் உண்டு. ராஜா வீட்டை (1912 வாக்கில் கட்டியது) வெளியே நின்று பார்ப்பதோடு சரி. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் அப்படியே. என்னைக் கேட்டால், தங்கும் விடுதியாக மாற்றிய பழைய வீடு ஒன்றில் ராத்திரி தங்குங்கள். கானாடுகாத்தானில் இருக்கிறது, எங்கள் ஊரிலும் இருக்கிறது. வாடகை கொஞ்சம் உறைக்கும். ஆனால் நாலு வீட்டுக்குள் ஓடி ஓடி எட்டிப் பார்ப்பதைவிட ஒரே வீட்டின் பட்டாலைக் கூடத்தில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பது மேல். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். அந்தப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். இதைப் பையனை நடந்து எண்ணச் சொல்லுங்கள், எத்தனை நிலை தாண்டுகிறான் பார்ப்போம்.

அத்தைக்கு இரண்டு விஷயம். எங்கள் வீடுகள் தெருவிலிருந்து உயரமாகத்தான் இருக்கும், படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும், நிலைப்படியும் காலைத் தூக்கித் தாண்டுகிற உயரம். அறை பதியும்போதே கீழ்த்தளம், படி குறைவு என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, தரையில் பதித்திருக்கிற ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட சிமெண்ட் டைல்) நனைந்தால் வழுக்கும். மழை நேரத்தில் முற்றத்து ஓரம் நடக்கவே வேண்டாம். முட்டைச் சுண்ணாம்பு பூசிய தூணில் சாய்ந்து திண்ணையில் உட்காரட்டும், சில்லென்று இருக்கும்.

கொடைக்கானலை இந்த முறை விட்டுவிடுங்கள். மலையிலிருந்து இறங்கிக் காரைக்குடி வந்து சேர 200 கிலோமீட்டர் பக்கம் ஆகும், அதுவும் மழை மலைப்பாதையில். ஒரு பகல் வண்டியிலேயே போய்விடும், அத்தையின் முட்டி என்ன ஆகும்? மலைதானே வேண்டும், எங்கள் பக்கமே பிரான்மலை இருக்கிறது. சிங்கம்புணரிக்குப் பக்கம். பாரி ஆண்ட பறம்புமலை அதுதான். முல்லைக்குத் தேர் கொடுத்தவன் மலை என்றால் பையனுக்கு உடனே பிடிபடும். கீழே அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், சம்பந்தர் பாடியது. அத்தை அங்கேயே சாமி கும்பிட்டு மண்டபத்தில் உட்காரலாம், மலை ஏற வேண்டியதில்லை. மலை சுமார் 2,500 அடி. உச்சியில் ஷேக் அப்துல்லா தர்கா இருக்கிறது, எல்லாச் சாதி சனமும் ஏறுகிறது. மழை விட்ட காலையில் அப்பாவும் பிள்ளையும் ஏறிவிட்டு வரட்டும். முந்தின ராத்திரி மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், வீம்புக்கு ஏற வேண்டாம்.

---

மேல்மலைக்காரன் எழுதியது:

நான் பூம்பாறைப் பக்கம்தான். வியாபாரத்துக்குக் கெடுதலாக இருந்தாலும் ஆச்சி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர் அழகுதான், படிப்படியான வயலில் பூண்டும் கேரட்டும் பச்சையாக நிற்கும், வேலப்பர் கோயில் கோபுரம் மேகத்துக்குள் போய்ப் போய் வரும். ஆனால் மூன்று மணிக்கே மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது ஒரே ஒரு ராத்திரி தங்குகிறவர்கள் அறை ஜன்னலைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கொடைக்கானலிலிருந்து இங்கே வர இன்னும் 20 கிலோமீட்டர் குறுகலான பாதை, மழையில் மரம் சாய்ந்தால் அறுத்து எடுக்கும்வரை நிற்க வேண்டியதுதான்.

என்றாவது வரும்போது இரண்டு ராத்திரியாவது வையுங்கள். மறுநாள் மன்னவனூர் ஏரி, ஆட்டுப் பண்ணை, கூக்கால் என்று நிதானமாகப் போகலாம். கொடைக்கானல் வருகிற வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவு. பதிவு செய்தால் கிடைத்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீருக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடித்தால் அபராதம்.

குறிஞ்சி பூத்திருக்கிறது என்று யூடியூபில் யாராவது போட்டிருந்தால் நம்பாதீர்கள். பெரும் பூப்பு 2018-இல் முடிந்தது, அடுத்தது 2030.

ரொம்ப உயரமான மலை வேண்டாம், மலைக்கிராமம் என்று இருந்தால் போதும் என்றால் கீழ்மலையில் தாண்டிக்குடி இருக்கிறது. காப்பித் தோட்டம், முருகன் கோயில், அந்தக் காலத்துக் கல்திட்டைகள். பட்டிவீரன்பட்டி வழியாக ஏறினால் கொடைக்கானல் கூட்டத்தில் மாட்ட வேண்டாம். ஆனால் அதையும் காரைக்குடியோடு முடிச்சுப் போடாதீர்கள், தனியாக வாருங்கள்.

---

புதுகை சைக்கிள் எழுதியது:

எல்லாரும் வீடு வீடு என்றே சொல்கிறீர்கள். அந்த வீடுகள் நூறு, நூற்றைம்பது வருஷத்துச் சமாச்சாரம். பழைய ஊர் பார்க்க வருகிறவர்கள் திருமயத்தை விடலாமா? காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் அரை மணி. 1687-இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. ஏழு சுற்று மதில் இருந்ததாம், இப்போது நாலுதான். மேலே பீரங்கி இருக்கிறது, பையனுக்கு அது போதும். ஏறுகிற வழியிலேயே பாறையைக் குடைந்து ஒரு லிங்கம் வைத்திருக்கிறார்கள், இரும்பு ஏணி வைத்து ஏற வேண்டும். கீழே ஒரே குன்றின் அடியில் சிவன் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டுமே குடைவரை. பெருமாள் கோயில் 108 திவ்ய தேசத்தில் ஒன்று, அத்தைக்குக் கோட்டைப் படி ஏறாமல் தரிசனம்.

நேரம் இருந்தால் சித்தன்னவாசல், நார்த்தாமலை. நார்த்தாமலையில் மழைக்காலத்தில் பாறைச் சுனையெல்லாம் நிறைந்து கிடக்கும், விஜயாலய சோழீச்சரம் அந்த வெறும் பாறை மேல் தனியாக நிற்கும். அந்த இடத்துக்கு ஆயிரம் ஜன்னலும் ஈடாகாது என்பது என் கட்சி. ஆச்சி கோபிக்க வேண்டாம்.

---

கொத்தமங்கலம் ஆச்சி எழுதியது:

கோபம் எதற்குத் தம்பி, திருமயமும் எங்கள் பக்கம்தான். ஆனால் ஒரே நாளில் திருமயம், சித்தன்னவாசல், நார்த்தாமலை என்று அடுக்கி அந்தப் பெண்ணை விரட்டாதீர்கள். முட்டி வலிக்காரரை வைத்துக்கொண்டு திருமயம் ஒன்று போதும்.

---

திருப்பூர் மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் படித்துக் காட்டினேன். அத்தை "அந்த ஆச்சி சொல்றதைக் கேளு" என்று முடித்துவிட்டார்கள். கொடைக்கானலை எடுத்துவிட்டோம், மூன்று ராத்திரியும் உங்கள் பக்கமே. திண்டுக்கல், நத்தம், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி வழியாக வந்தால் பிரான்மலை வழியிலேயே வருகிறது போலிருக்கிறது, சரிதானா? இந்த மாதம் 27-ஆம் தேதி கிளம்பி 30-ஆம் தேதி திரும்பலாம் என்று இருக்கிறோம். அப்புறம், ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பையனுக்குக் காட்ட முடியுமா? சாப்பாடு எங்கே, என்ன?

---

திருப்பத்தூர் ஓட்டுநர் எழுதியது:

தங்கச்சி, வழி சரி. தேதியை மாற்றுங்கள்.

அக்டோபர் கடைசி வாரம் சிவகங்கை மாவட்டத்தில் வெளியூர் வண்டி எடுத்துவர நல்ல நேரம் கிடையாது. 24-ஆம் தேதி எங்கள் ஊரில் மருது சகோதரர்கள் நினைவு நாள், 1801-இல் அவர்களைத் தூக்கிலிட்டது திருப்பத்தூரில்தான். 27-ஆம் தேதி காளையார்கோவிலில் குருபூஜை. உடனே 28, 29, 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. வழி நெடுகப் போலீஸ், சோதனை, வாடகை வண்டிக்குக் கட்டுப்பாடு, சில சாலைகளைத் திருப்பிவிடுவார்கள். காரைக்குடி பக்கம் மதுரை, பரமக்குடி அளவுக்கு நெருக்கடி இருக்காது, சொந்தக் கார் என்றால் விட்டும் விடுவார்கள். இருந்தாலும் குடும்பத்தோடு வந்து ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று பதில் சொல்வது யாருக்கு வேண்டும்? 31-ஆம் தேதிக்கு அப்புறம் வாருங்கள், சாலை காலியாகக் கிடக்கும்.

திருப்பத்தூர்ப் பக்கம் வரும்போது கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க்கு வண்டியைத் திருப்புங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று போர்டு இருக்கும். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் என்று டிவியில் காட்டுவார்களே, அந்த ஊர்தான். கண்மாய்க்குள் கூடு கட்டியிருக்கிற பறவை பயந்துவிடும் என்று பிள்ளைகள்கூட ஒரு சரம் கொளுத்தாது. மழை நன்றாகப் பெய்து கண்மாயில் தண்ணீர் ஏறியிருந்தால்தான் பறவை வரும், எனவே நீங்கள் நாலு நாள் தள்ளி வருவது இதற்கும் நல்லது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கரையில் நில்லுங்கள், இரை தேடப் போனதெல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள், ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பிள்ளையார்பட்டி கட்டாயம் போவீர்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே முடித்துவிடுங்கள். குன்றக்குடியில் படி இருக்கிறது, அம்மாவுக்குக் கஷ்டம். கந்த சஷ்டி அந்த நாட்களில் விழுந்தால் கூட்டமும் இருக்கும்.

---

கொத்தமங்கலம் ஆச்சி எழுதியது:

ஓட்டுநர் தம்பி சொன்னது நல்லதாயிற்று. நான் வீட்டை விட்டு அதிகம் கிளம்புவதில்லை, அந்த வாரத்துச் சிரமம் எனக்குத் தோன்றவில்லை.

கல் செய்வதைத் தாராளமாகப் பார்க்கலாம். ஆத்தங்குடியில் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன, கேட்டுவிட்டு உள்ளே போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடைமழை நாளில் வேலை மந்தமாக இருக்கும், கல் காயாதே. வெயில் அடிக்கிற காலையாகப் பார்த்துப் போங்கள். கண்ணாடிச் சில்லின் மேல் பூ அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயச் சிமெண்டை ஒரு கரண்டியால் ஊற்றுவார்கள். சிவப்பு ஒரு கட்டம், பச்சை ஒரு கட்டம், கோடு தாண்டாது. அப்புறம் அச்சைத் தூக்குவார்கள் பாருங்கள், அந்த நேரம் பையனைக் கிட்டே நிற்கச் சொல்லுங்கள். ஈரச் சாயம் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அப்படியே நிற்கும். உடனே மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டு, கரணையால் வழித்துவிடுவார்கள். இதையெல்லாம் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? நாம் மிதிக்கிற பக்கம் அடியில், கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பிறகு காயவைத்தால் கண்ணாடி தானே விட்டுவிடும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது, சூளை கிடையாது, மெஷினில் தேய்ப்பது கிடையாது. போட்ட பிறகு நடக்க நடக்க இன்னும் பளபளக்கும். ஆசைப்பட்டு டிக்கியில் அள்ளிப் போடாதீர்கள், ஒரு கல்லே நல்ல கனம். வாங்குவதென்றால் அளவு கொடுத்துவிட்டுப் போனால் லாரியில் அனுப்புவார்கள்.

சாப்பாடு விஷயத்தில் என் பேச்சு நீளும். ஊர் பெயரைப் போட்டு மிளகாயை அள்ளிக் கொட்டுகிற குழம்பை நாங்கள் வீட்டில் வைப்பதில்லை. தங்குகிற விடுதியில் முந்தின நாளே சொல்லிவைத்தால் வீட்டுச் சமையல் மாதிரி செய்து தருவார்கள். சொல்லிவைக்க வேண்டியது முக்கியம். கவுனி அரிசி (கறுப்பரிசி) வேண்டுமென்றால் ராத்திரியே ஊறப்போட வேண்டும், காலையில் வந்து நின்று கேட்டால் யாராலும் தர முடியாது. சாயங்காலப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கேளுங்கள். பணியாரம் வெளேரென்று இருக்க வேண்டும், ஓரம் சிவந்திருந்தால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், தைரியமாகத் திருப்பி அனுப்பலாம். தீபாவளி இனிப்பு தின்று நாக்கு செத்திருக்கும், அதனால் காரைக்குடிப் பலகாரக் கடையில் சீப்புச் சீடை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழைய எனாமல் வாளி, ரங்கூன் மரப்பெட்டி எல்லாம் கடைகளில் குவிந்து கிடக்கும். சொல்கிற விலையில் பாதியில் தொடங்குங்கள். புதிதாகச் செய்து புகையில் காட்டிய சாமானும் நடுவில் இருக்கும், கைப்பிடி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

---

திருப்பூர் மருமகள் எழுதியது:

தேதியை மாற்றிவிட்டோம் ஆச்சி, நவம்பர் 1-ஆம் தேதி காலை கிளம்புகிறோம். முதல் நாள் பிரான்மலை, சாயங்காலம் கொள்ளுகுடிப்பட்டி, ராத்திரி கானாடுகாத்தான். இரண்டாம் நாள் ஆத்தங்குடி மட்டும், மீதி நேரம் வீட்டிலேயே. மூன்றாம் நாள் திருமயம். நாலாம் நாள் விடியற்காலை பிள்ளையார்பட்டி கும்பிட்டுவிட்டு அப்படியே ஊருக்கு. விடுதியில் கீழ்த்தளத்து அறை கேட்டேன், இரண்டு படிதான் என்கிறார்கள்.

---

புதுகை சைக்கிள் எழுதியது:

திருமயத்துக்குக் காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள். நவம்பரில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும், அதற்குள் பையன் பீரங்கி வரை போய் இறங்கிவிடலாம். பாறை சூடாவதற்கு முன்னால் வெறுங்காலில் ஏறச் சொல்லுங்கள், செருப்பைவிட பிடிமானம்.

---

கொத்தமங்கலம் ஆச்சி எழுதியது:

இரண்டு படி என்று விடுதிக்காரர் சொன்னால் தெருவாசல் படியைச் சேர்த்தா, விட்டுவிட்டா என்று இன்னொரு முறை போன் போட்டுக் கேட்டுவிடுங்கள் ஆத்தா. அறைக்குள் இருக்கிற படியை மட்டும் சொல்வார்கள்.